கொழும்பு வெக்கையில் சிலிப்பர் ஓர்க்கிட்: சாடி, கலவை, தண்ணீர்

மாசியில் சாடி மாற்றிய சிலிப்பர் ஓர்க்கிட்டுகளை (பாபியோபெடிலம்), தென்மேற்கு மழையும் ஐப்பசி மழையும் ஓய்ந்த பிறகு மார்கழியில் கவிழ்த்துப் பார்த்தாயிற்று. வேர்கள் சாடியின் அடிவரை இறங்கியிருக்கின்றன. பழுப்பு மயிர் மூடிய வேரை விரலால் அமுக்கினால் கெட்டியாக நிற்கிறது. நுனி ஒரு சென்ரிமீற்றர் அளவுக்கு வெளிர் மஞ்சள். அதே தாய்ச்செடியிலிருந்து பிரித்து, கடையில் பொதி செய்து விற்கும் தும்புத்தூள் கலவையில் வைத்த சாடியையும் கவிழ்த்தேன். மேலே இலை இன்னும் பச்சை. கீழே வேரின் தோல் உருவிக்கொண்டு வர, நடு நரம்பு மட்டும் மிச்சம். இரண்டும் ஒரே தட்டில், ஒரே நிழலில், ஒரே குழாய்த் தண்ணீரில் இருந்தவை.

கொழும்பில் இந்தச் செடியை இரண்டு பழக்கங்கள் கொல்கின்றன. ஒன்று, டென்ட்ரோபியம், வாண்டா வளர்த்த கையோடு இதையும் வெறுங்கரியில் வைத்து வெயிலில் தொங்கவிடுவது. டென்ட்ரோபியத்துக்கு நீரைச் சேமிக்கும் தடித்த தண்டு இருக்கிறது. சிலிப்பருக்கு அது இல்லை. காட்டில் இலைச்சருகுக்கும் பாறை இடுக்குக்கும் நடுவே வேரோடும் செடி, ஈரம் அறவே போனால் தாங்காது. மற்றது, குளிர்நாட்டுப் புத்தகங்களில் உள்ளபடி பொடி மரப்பட்டையும் நீரை உறிஞ்சி வைக்கும் ஸ்பக்னம் பாசியும் போட்டு வைப்பது. அங்கே இரவு 15 பாகைக்கு இறங்கும்போது கலவை உக்குவதும் மெதுவாகும். இங்கே இரவும் 25 பாகை. நனைந்த பொடிக் கலவைக்குள் நுண்ணுயிர்கள் ஓய்வே இல்லாமல் பிராணவாயுவைத் தின்று தீர்க்கின்றன; வேர் மூச்சுத் திணறித்தான் அழுகுகிறது. ஆகவே வேருக்கு வேண்டியது என்றும் ஈரம், என்றும் காற்று. கீழே வருவதெல்லாம் இந்த இரண்டையும் ஒரே சாடிக்குள் கொண்டுவருகிற வேலைதான்.

எந்தச் செடி

கொழும்பில் இரவு வெப்பம் 22 பாகைக்கு இறங்குவது மார்கழி, தையில்தான். சித்திரை, வைகாசியில் 25, 26இலேயே நிற்கும். இதை நம்மால் மாற்ற முடியாது, செடியைத்தான் மாற்ற வேண்டும். தொடங்குகிறவருக்கு என் முதல் தெரிவு புள்ளியிலை உள்ள மோடியே வகைக் கலப்புகள். காலோசமும் லோரன்சியானமும் சேர்ந்து 1900இல் பதிவான கலப்பு அது. அதன் வழிவந்தவை குளிர் கேட்காமலே பூக்கின்றன. பட்டையிலை வகையில் பிலிப்பினென்சே, லோவீ; ஒரே தண்டில் ஒன்று உதிர ஒன்றாக மாதக்கணக்கில் பூக்கிற பிரிமுலினம், கிளோக்கோபிலம். சுண்ணாம்புப் பாறையில் வளர்கிற நிவியம் லங்காவிப் பக்கத்துக் கடலோரச் செடி, நம் புழுக்கம் அதற்குப் பழகினது.

இன்சிக்னே, வில்லோசம், அவற்றின் வழிவந்த பெரிய உருண்டைப் பூக் கலப்புகள், சீனத்து ஆர்மேனியாக்கம், மிக்ராந்தம் ஆகியவற்றைக் கொழும்பில் வாங்கிப் பணத்தை விட வேண்டாம். இலை வரும், பூ வராது. நுவரெலியாவில் வீடு இருந்தால் அது வேறு கதை. தமிழர் பலரும் ஆசைப்பட்டுக் கேட்பது டுரூரி. பொதிகை மலைப் பக்கத்தில் மட்டுமே இயற்கையில் உள்ள மஞ்சள் பூ. அது உயர்ந்த மலைச்செடி, இங்கே தாங்காது. பூச்செடிக்காரர்கள் பிடுங்கிப் பிடுங்கியே அந்த மலையில் அது அருகிப்போய்விட்டது என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். பாபியோபெடிலம் இனங்கள் எல்லாமே, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதலாம் பட்டியலில் உள்ளவை. ஆய்வுகூடத்தில் விதையிலிருந்து வளர்த்த செடி என்று தெரிந்தால் மட்டும் வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து எடுப்பதானால் இறக்குமதி அனுமதியும் தாவரச் சுகாதாரச் சான்றும் முன்கூட்டியே வேண்டும். கட்டுநாயக்காவில் தாவரத் தடுப்புக்காப்புச் சேவை இருக்கிறது. பையில் ஒளித்துக் கொண்டுவந்த செடி கூடவே கிருமியும் கொண்டுவரும்.

வாங்கும்போது ஒற்றை இலைக்கொத்தை விட மூன்று கொத்துள்ள செடிக்குக் கூடுதலாகக் கொடுக்கலாம். ஒரு கொத்து ஒரு தடவைதான் பூக்கும். அடுத்த பூ அதன் அடியிலிருந்து வரும் புதுக் குருத்தில். தனிக் கொத்தாகப் பிரித்த செடி வேர் பிடிக்கவே ஓராண்டைத் தின்றுவிடும்.

நிழலும் கூரையும்

நடுப்பகல் முழு வெயில் ஏறத்தாழ 100,000 லக்ஸ் (ஒளியை அளக்கும் அலகு). புள்ளியிலை வகைக்கு 10,000 முதல் 15,000 வரை போதும், பட்டையிலை வகைக்கு 20,000 முதல் 25,000. கைபேசியில் லக்ஸ் காட்டும் செயலி ஒன்றை இறக்கி, இலை இருக்கும் உயரத்தில் வைத்துப் பகல் 12 மணிக்கு அளந்தால் கணக்கு விளங்கிவிடும். 50 வீத நிழல்வலை இரண்டு அடுக்கு போட்டால் வெயிலில் கால்வாசி, அதாவது 25,000, உள்ளே வரும். அது பட்டையிலைக்குச் சரி. புள்ளியிலையை அதே வலைக்குக் கீழே உள்தட்டுக்குத் தள்ளினால் போதும், தனி வலை வேண்டாம். நடுப்பகலில் இலையைத் தொட்டால் கையை விடச் சூடாக இருக்கக்கூடாது. இலை மஞ்சள் பாய்ந்தால் வெயில் மிஞ்சிவிட்டது. கரும்பச்சையாகி நீண்டு தொய்ந்தால் போதவில்லை.

தொடர்மாடி பல்கனியில் கிழக்குப் பக்கம் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. மேற்குப் பக்கமென்றால் வெயிலை விட சீமெந்துச் சுவர்தான் பிரச்சினை. பின்னேரம் வாங்கிய சூட்டை இரவு பத்து மணிவரை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். சாடிகள் சுவரிலிருந்து இரண்டு அடியாவது தள்ளி இருக்கட்டும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டியில் கடலைப் பார்த்த மாடிகளில் உப்புக்காற்று இலை நுனியைக் கருக்கும். காற்று நேரே படாத மூலை வேண்டும், காலையில் இலையை வெறும் தண்ணீரால் கழுவியும் விட வேண்டும்.

மேலே மழை புகாத கூரை கட்டாயம். ஒரு மழை ஒன்றும் செய்யாது. மூன்று நாலு நாள் விடாமல் பெய்து குருத்துக்குள் நீர் நிற்பதுதான் செடியை முடிக்கும். மலையகத்து மரக்கறிக் கூடாரங்களுக்குப் போடும் 200 மைக்ரோன் யூ.வி. பொலித்தீனே போதும், பக்கங்கள் திறந்திருக்க வேண்டும். பழைய கணினியிலிருந்து கழற்றிய 12 வோல்ட் விசிறி (120 மில்லிமீற்றர்) ஒரு மீற்றர்த் தட்டுக்கு ஒன்று வீதம், பழைய அடப்டரில் பொருத்தினேன். மின்சாரம் மிகக் குறைவு. இலை மெல்ல அசைந்தால் போதும். பகலில் நிறுத்தினாலும் மழைக்கால இரவில் நிறுத்தவே கூடாது. காற்று அசையாத, இலை காயாத இரவில்தான் அழுகல் தொடங்குகிறது.

சாடி

வேர்க்கட்டை விட சுற்றிவர இரண்டு சென்ரிமீற்றர் மட்டுமே பெரிய சாடி. ஒற்றைக் கொத்துக்கு 8 முதல் 9 சென்ரிமீற்றர், மூன்று நாலு கொத்துக்கு 11 முதல் 12. பெரிய சாடியில் வேர் எட்டாத கலவை நனைந்தபடியே கிடந்து புளிக்கும். வேர் தெரியும் ஒளிபுகு பிளாஸ்ரிக் சாடி எனக்கு வசதி. கறுப்புச் சாடி வெயில் பட்டால் ஓரத்து வேரை வேகவைக்கும். ஒளிபுகு சாடியை ஒரு மண்சாடிக்குள் இறக்கி வைத்தால் பாசியும் பிடிக்காது, சரியவும் சரியாது.

அடியில் உள்ள துவாரம் போதாது. பக்கச் சுவரின் கீழ் மூன்றிலொரு பங்கில் சோல்டரிங் அயனால் 6 மில்லிமீற்றர் துவாரம் எட்டு போடுங்கள். புகை கெட்டது, பல்கனியில் வைத்துச் செய்யுங்கள். அடியில் கல் அடுக்குப் போட்டால் வடிகால் கூடும் என்ற நம்பிக்கை இங்கே பரவலாக இருக்கிறது. கூடாது. எந்தக் கலவையிலும் அடியில் ஒரு மட்டத்துக்கு நீர் தங்கும். கல் போட்டால் அந்த மட்டம் மேலேறி வேருக்கு இன்னும் கிட்ட வரும். கல்லுக்குப் பதிலாக 5 சென்ரிமீற்றர் வலைச்சாடி ஒன்றைத் தலைகீழாக நடுவில் கவிழ்த்து, அதைச் சுற்றிக் கலவை நிரப்பினேன். சாடியின் நடுப்பகுதிதான் எப்போதும் கடைசியாகக் காயும். அந்த இடத்தில் இப்போது காற்று இருக்கிறது. நல்ல வேர்கள் அத்தனையும் வலைச்சாடியைச் சுற்றிப் பிடித்திருந்தன. மொத்த வேலையிலும் அதிகப் பலன் தந்தது இந்தச் சின்னப் பொருள்தான்.

கலவை

ஒரு லீற்றர் ஐஸ்கிறீம் டப்பாவால் அளந்தது: பொச்சுத் துண்டு 4, விறகுக்கரி 3, கருங்கல் சிப்ஸ் 2, பேர்லைட் (பொரித்த எரிமலைக் கல்லின் இலேசான வெள்ளை மணி) 1. பத்து சென்ரிமீற்றர்ச் சாடி பதினைந்து வரை நிரம்பும். பத்து டப்பாவுக்கும் ஆன செலவில் பாதிக்கு மேல் பேர்லைட்டுக்கு. இறக்குமதி மரப்பட்டை இதைப் போலப் பல மடங்கு. இந்த ஈரத்தில் அது கூடுதலாக உழைக்கவும் இல்லை.

பொச்சு பழசாக, மழையில் நனைந்து காய்ந்து பழுத்ததாக இருக்க வேண்டும். 10 முதல் 12 மில்லிமீற்றர்க் கட்டியாக வெட்டி வாளியில் ஊறவையுங்கள். தேநீர் நிறத்தில் சாயம் இறங்கும். தினமும் தண்ணீர் மாற்றி, ஐந்தாறு நாளில் நிறம் நிற்கும். ஆனால் நிறம் நின்றால் உப்பும் நின்றது என்று இல்லை. பொச்சில் சோடியமும் பொற்றாசியமும் பிடித்துக்கொண்டிருக்கும். உப்பங்கழியில் ஊறின பொச்சென்றால் சொல்லவே வேண்டாம். பத்து லீற்றர்த் தண்ணீரில் 40 கிராம் கல்சியம் நைத்திரேற் கரைத்து ஓர் இரவு ஊறவைத்தால் கல்சியம் உள்ளே போய் அவை வெளியே வரும். பிறகு அலசி, வெறும் தண்ணீரில் ஒரு மணி நேரம் வைத்து அந்தத் தண்ணீரை டி.டி.எஸ். மீற்றரால் (நீரில் கரைந்த உப்பைக் காட்டும் கருவி) அளவுங்கள். குழாய்த் தண்ணீரின் அளவை விட 50 பி.பி.எம்.முக்கு (பத்து இலட்சத்தில் எத்தனை பங்கு என்ற அளவு) மேல் கூடினால் இன்னொரு தடவை அலச வேண்டும். கடைசியில் கொதிநீர் ஊற்றி ஆறவிட்டால் நத்தை முட்டையும் பூஞ்சணமும் போகும்.

கரி: சிரட்டைக் கரி மலிவு, ஆனால் தட்டையாக உடைந்து ஒன்றின்மேல் ஒன்று படிந்து, இடுக்கில் தண்ணீரைப் பிடித்து வைக்கும். கட்டி கட்டியாக உடையும் விறகுக்கரியே நல்லது. இறைச்சி சுடுவதற்கென்று அழுத்திச் செய்த கரிக்கட்டி வேண்டாம், அது ஒட்டுப்பசை கலந்தது. நனைத்துவிட்டு உடைத்தால் தூள் மூக்கில் ஏறாது. பேர்லைட்டையும் அப்படியே நனைத்து எடுங்கள். எல்லாவற்றையும் அரிதட்டில் போட்டு 6 மில்லிமீற்றருக்குக் கீழே உள்ளதை விடாமல் நீக்க வேண்டும். அந்தப் பொடிதான் அடியில் இறங்கிச் சேறாகும்.

வெறுங்கரியில் வைத்த சாடியில் வேர் அழுகவில்லை. ஆனால் ஒவ்வொரு புது இலையும் முந்தியதை விடக் குட்டையாக வந்தது, இலையில் குறுக்குச் சுருக்கமும் விழுந்தது. ஸ்பக்னம் பாசியில் வைத்தது மேலே காய்ந்தும் நடுவில் புளித்தும் போனது. பாசியை நாற்றுக்கு மட்டும் பாவிக்கிறேன்.

நிவியம், பிலிப்பினென்சே போன்ற சுண்ணாம்புப் பாறைச் செடிகளுக்குக் கோழித்தீனோடு விற்கும் சிப்பி ஓட்டு நொறுக்கு, சாடிக்கு ஒரு தேக்கரண்டி மேலே தூவினால் போதும். தென்னைக்குப் போடும் டொலமைட் பொடியாக இருப்பதால் இடுக்குகளை அடைக்கும். முருகைக்கல் வேண்டாம், கரையோரத்தில் அதை எடுப்பது சட்டவிரோதம்.

சாடி மாற்றும் நாள்

தை, மாசிதான் சரியான காலம். மழை குறைவு, இரவு ஓரளவு குளிர், அடுத்த மழைக்கு முன் வேர் ஓடிவிடும். பூ வாடியதும் தண்டை வெட்டிவிட்டுத் தொடங்கலாம்.

பழைய கலவையைக் கையால் உதிர்த்து, நசுங்குகிற வேரை மட்டும் வெட்ட வேண்டும். இந்தச் செடிக்கு வேர் சிலதுதான், ஒடிந்த வேர் கிளைப்பதும் அரிது; கெட்டியானது எவ்வளவு கறுப்பாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். கத்தரியை ஒவ்வொரு செடிக்கும் நடுவே சுவாலையில் காட்டி ஆறவிட வேண்டும், வைரசு அதன் வழியாகத்தான் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகிறது.

நடும் ஆழத்தில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். புதுக் குருத்தின் அடி கலவைக்கு மேலே நின்றால், அதிலிருந்து புறப்படும் வேர் முனை காற்றில் காய்ந்து நின்றுவிடும். ஆக அடியில் உள்ள இலை தண்டைத் தொடும் இடத்திலிருந்து ஒரு சென்ரிமீற்றர் கலவைக்குள் போகட்டும். அதற்கு மேல் புதைத்தால் இலை அடி அழுகும். சாடியைத் தட்டித் தட்டிக் கலவையை இறக்குங்கள், விரலால் குத்த வேண்டாம். செடியைத் தூக்கினால் சாடியும் கூட வர வேண்டும்; ஆடினால் ஒரு கம்பியை ஊன்றிக் கட்டுங்கள். ஆடுகிற செடி முளைத்த வேர் முனையையெல்லாம் கல்லில் உரசி இழக்கும். வெட்டு இருந்தால் இரண்டு நாள் நிழலில் விட்டுத்தான் தண்ணீர்.

இந்தக் கலவை கொழும்பில் ஓர் ஆண்டுக்குத்தான். இரண்டாண்டு தாங்கும் என்று எழுதியிருப்பதெல்லாம் வேறு காலநிலைக்கு.

தண்ணீரும் உரமும்

எங்கள் குழாயில் மீற்றர் பெரும்பாலும் நூறுக்குக் கீழேதான் காட்டும். ஆற்றுநீர், நீர்த்தேக்க நீர் என்பதால் கொழும்பு இதில் கொடுத்துவைத்தது. வறட்சியில் களனி கங்கைக்குள் கடல்நீர் ஏறும் காலங்களில் மட்டும் மீற்றரைப் பார்த்துவிட்டே ஊற்றுங்கள். 150ஐத் தாண்டினால் சேர்த்து வைத்த மழைநீர். மழைநீர் பிடிக்கும்போது முதல் பத்து நிமிடத்தை ஓடவிட வேண்டும், கடலோரக் கூரையில் உப்புப் படிந்திருக்கும். குளோரின் மணத்தால் வாளியில் ஓர் இரவு வைத்து ஊற்றுகிறேன்.

எப்போது ஊற்றுவது என்பதைச் சமையலறைத் தராசிடம் விட்டுவிடலாம். பத்து சென்ரிமீற்றர்ச் சாடி ஒன்று, ஊற்றி வடிந்த பிறகு 380 கிராம். 340க்கு இறங்கும்போது மறுபடி ஊற்ற வேண்டும். பங்குனி வெயிலில் அதற்கு இரண்டு நாள், வைகாசி மழையில் ஐந்தாறு நாள். இந்த இடைவெளியைப் பார்த்தாலே, ஒரு நாள்விட்டு ஒரு நாள் என்ற சட்டம் ஏன் பொய்க்கிறது என்று விளங்கும். நாலைந்து கிழமை நிறுத்துப் பழகினால் பிறகு கையே சொல்லிவிடும். ஊற்றுவது காலை ஒன்பதுக்கு முன். குருத்துக்குள் நீர் நின்றால் கடதாசித் துண்டை முறுக்கி உறிஞ்சி எடுங்கள்.

உரத்துக்கு அல்பேட் கரைசல் உரமே போதும், ஆனால் மரக்கறிக்குச் சொன்ன அளவில் கால்வாசி. கிராமை விட மீற்றரை நம்புவது நல்லது: குழாய்த் தண்ணீரை விட 150 முதல் 200 பி.பி.எம். கூடும் வரை கரைத்து, கிழமைக்கு ஒரு தடவை. மாதம் ஒரு தடவை சாடியின் கொள்ளளவைப் போல மூன்று மடங்கு வெறும் தண்ணீர் விட்டு உப்பைக் கழுவ வேண்டும். கரி உப்பைப் பிடித்துவைக்கும். இலை நுனி கருகினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

அழுகல்

இலையில் நீர் ஊறின ஒரு பழுப்புப் பொட்டு. காலையில் உளுந்தளவு, மறுநாள் ஒரு ரூபாய்க் குற்றி அளவு, ஓரம் ஈரமாக, மோந்தால் கெட்ட வாடை. இது பற்றீரியா. குருத்தை எட்டிவிட்டால் அந்தக் கொத்து போனதுதான், காத்திருந்து பார்க்க நேரம் கிடையாது. பொட்டுக்குக் கீழே இரண்டு சென்ரிமீற்றர் நல்ல இலையோடு வெட்டி, வெட்டில் கறுவாத்தூள் அப்பி, சாடியைத் தனியே விசிறிக்கு முன் வைத்து, ஐந்து நாள் இலையில் ஒரு துளியும் படாமல் பார்க்க வேண்டும். கறுவாத்தூள் வேரில் படக்கூடாது, வேரைக் காயவைத்துவிடும்.

கழுத்துப் பகுதியில் வெள்ளை நூற்பூஞ்சணமும், அதில் கடுகளவு பழுப்பு உருண்டைகளும் தெரிந்தால் அது ஸ்கிளரோசியம். வெக்கையும் ஈரமும் சேர்ந்த இடத்தின் நோய். உருண்டைகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். கலவையை மறுபடி பாவிக்க நினைக்காமல் பையில் கட்டி எறிந்துவிடுங்கள். அந்தத் தட்டையும் கழுவ வேண்டும். பொச்சுக்குக் கொதிநீர் ஊற்றச் சொன்னது முக்கியமாக இதற்குத்தான்.

எறும்பு வரிசை சாடியில் ஏறினால் இலை அடியை விரித்துப் பாருங்கள், மாவுப்பூச்சி இருக்கும். பாமசியில் வாங்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டைப் பஞ்சுக்குச்சியில் தொட்டுத் துடைத்து, ஒரு கிழமை விட்டு மறுபடி துடைக்க வேண்டும். முதல் தடவை முட்டை தப்பிவிடும்.

அடுத்த தையில் மாற்றப்போவது

பொச்சை நாலிலிருந்து மூன்றாக்கி, சிப்ஸை மூன்றாக்கப் போகிறேன், ஆனால் உள்தட்டில் நிற்கும் புள்ளியிலைகளுக்கு மட்டும். அங்கே 340க்கு இறங்க மழைக்காலத்தில் எட்டு நாள் எடுத்தது, அது அதிகம். நிவியத்துக்கு வலைச்சாடிக்குப் பதில் பக்கமெல்லாம் துளையுள்ள கூடைச்சாடி. விசிறிக்கு ஒரு நேரமானி வாங்க வேண்டும், மின்தடைக்குப் பிறகு தானாகவே ஓடத் தொடங்கும் வகையாகப் பார்த்து.

தென்னமெரிக்கச் சிலிப்பரான பிராக்மிபெடியத்துக்கு மேலே சொன்ன சாடிக் கணக்கு பொருந்தாது. லோங்கிபோலியமும் கிராண்டே கலப்பும் இந்த வெக்கையைத் தாங்கும். சிவப்புப் பூ பெசியே தாங்காது. அவற்றின் சாடி ஒன்று இரண்டு சென்ரிமீற்றர்த் தண்ணீர் நிற்கும் தட்டில் நிரந்தரமாக நிற்கலாம். தட்டு நீரைக் கிழமைக்கு இரண்டு தடவையாவது கொட்டி மாற்ற வேண்டும், வேருக்காகவும் டெங்கு நுளம்புக்காகவும். உரம் மேலே சொன்ன சிலிப்பர்களுக்குக் கொடுப்பதில் பாதி.